வீட்டு மீன்தொட்டிக்கு வடிகட்டி: தெரிந்தெடுக்கும் முறையும் உபயோகிக்கும் முறையும்

கண்ணாடித் தொட்டியில் அழகு மீன்களை வளர்க்கும் வழக்கம் நகரங்களோடு நில்லாமல் கிராமங்களிலும் பரவியுள்ளது. 1909-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் மீன்காட்சிசாலை திறக்கப்பட்ட காலத்தில், கண்ணாடிக்குப் பின்னே நீந்தும் மீன் பொதுமக்களுக்கு ஓர் அபூர்வக் காட்சியாயிருந்தது. இன்றோ சென்னைக் கொளத்தூர் போன்ற இடங்களில் வளர்க்கப்படும் அலங்கார மீன்கள் சிற்றூர்க் கடைவீதிகளிலும் விலைக்குக் கிடைக்கின்றன. வீட்டுக் கூடங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் பஞ்சாயத்து அலுவலகங்களிலும் இத்தகைய தொட்டிகளைக் காணலாம்.

எனினும் தொட்டி வாங்குவோரில் பலர் முதல் மாதத்திலேயே நஷ்டமடைகின்றனர். தொட்டி, மோட்டார், மீன் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் வாங்கி வந்து, அன்று மாலையே மீன்களை விடுகின்றனர். ஒரு வாரம் எல்லாம் நன்றாகவே இருக்கும். அதன்பின் மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து மூச்சுத் திணறி, ஒவ்வொன்றாக மடியும். மோட்டாரில் குறையென்று எண்ணி அதனை மாற்றுவர். அல்லது நீர் கெட்டுவிட்டதென்று தொட்டியையும் மணலையும் வடிகட்டியையும் பளபளவெனத் தேய்த்துக் கழுவிப் புதுமீன் வாங்கி விடுவர். மறுபடியும் அதே கதியே நேரும். பெரும்பாலும் மோட்டாரில் குறையில்லை. வடிகட்டி என்பதை அழுக்கை அரிக்கும் சல்லடை என்று மாத்திரம் கருதியதே பிழையாகும். உண்மையில் அது உயிருள்ள நுண்ணுயிர்கள் குடியிருக்கும் ஒரு சிறு வயல். இந்த ஒரு செய்தியை அறிந்தவர் எளிய வடிகட்டியைக் கொண்டும் மீன்களைக் காப்பாற்றலாம்; அறியாதவருக்கு விலையுயர்ந்த வடிகட்டியும் பயன் தராது.

வயலில் நடப்பதும் தொட்டியில் நடப்பதும்

வயலில் இடும் தொழுவுரமும் பிண்ணாக்கும் நேராகப் பயிருக்கு உணவாவதில்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அவற்றை மக்கச் செய்து அம்மோனியாவாக்குகின்றன. பின்னர் ஒருவகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பயிர் இந்த நைட்ரேட்டை வேரால் உறிஞ்சுகிறது. மீன்தொட்டியிலும் இதே தொழிலே நடைபெற வேண்டும். மீன் தன் செவுள்கள் வழியாக அம்மோனியாவை இடைவிடாது வெளியிடுகிறது. எஞ்சிய இரையும் எச்சமும் அழுகி மேலும் அம்மோனியாவைத் தருகின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட்டு மிகுந்தாலன்றித் தீங்கு செய்யாது. முன்னிரண்டையும் மூன்றாவதாக மாற்றும் பாக்டீரியா குடியேற இடம் தருவதே வடிகட்டியின் முதல் வேலை.

இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு விவசாயிகள் அறியத்தக்கது. லண்டன் நகரில் இரசாயன நிபுணராயிருந்த ராபர்ட் வாரிங்டன் என்பவர், இரு தங்கமீன்களையும் நீர்ச்செடியையும் நத்தைகளையும் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் ஒருங்கே வைத்துப் பராமரித்த விவரத்தை 1850-இல் வெளியிட்டார். வீட்டு மீன்தொட்டிக்கு அது ஓர் அடிப்படையாயிற்று. 1877-இல் பிரெஞ்சு நாட்டு விஞ்ஞானிகளான ஷ்லோசிங், முன்ட்ஸ் ஆகிய இருவர், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய நீண்ட குழாயின் வழியே சாக்கடை நீரை மெதுவாக வடியவிட்டனர். முதல் 20 நாட்கள் அம்மோனியா மாறாமலே வெளிவந்தது. அதன்பின் நைட்ரேட்டு தோன்றலாயிற்று. குளோரோபாம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றுபோயிற்று. வளமான மண்ணைக் கரைத்த நீரை ஊற்றியபின் மீண்டும் தொடங்கிற்று. ஆகவே இது மணலின் வேலையன்று, மணலில் வாழும் உயிர்களின் வேலை என்பது நிரூபணமாயிற்று. இங்கிலாந்திலுள்ள ரோதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில், இம்மாற்றம் இரு படிகளாக நிகழ்வதை விளக்கியவர் வேறெவருமல்லர். முன்னர்க் கூறிய வாரிங்டனின் புதல்வரும் அதே பெயருடையவருமான ராபர்ட் வாரிங்டனே. தந்தை மீன்தொட்டியில் கண்ட சமநிலையின் ஒரு முக்கியக் காரணத்தை மகன் வயல் மண்ணில் கண்டார் எனலாம். பின்னர் 1890-ஐ ஒட்டி ருஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி அந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுத்தார். நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்னும் இனமே என்று 1998-இல் அறியப்பட்டது. அவ்வினத்தைச் சேர்ந்த சில உயிர்கள் இரு படிகளையும் தாமே செய்ய வல்லவை என்பது 2015-இல் தெரியவந்தது.

இரையும் நஞ்சும்: ஒரு கணக்கு

அம்மோனியா எவ்வளவு விரைவில் சேரும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நூற்றுக்கு 40 பங்கு புரதமுள்ள மீனிரை 1 கிராம் உண்ணப்பட்டால், சுமார் 35 மில்லிகிராம் அம்மோனியா நீரில் சேருகிறது. 50 லிட்டர் தொட்டியில் இது லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் ஆகும். சிறுவர்கள் வேளைதோறும் ஒரு சிட்டிகை இரை தூவினால் நாளொன்றுக்கு 1 கிராம் எளிதில் சேர்ந்துவிடும். வடிகட்டி பதமாகாத தொட்டியில் மூன்றே நாட்களில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் தேங்கும்.

இதன் கொடுமை நீரின் பி.எச். எண்ணைப் பொறுத்தது. மண் பரிசோதனைச் சீட்டில் காணப்படும் அதே எண்ணே இது. நீரிலுள்ள அம்மோனியா இரு வடிவங்களில் இருக்கும். அவற்றுள் ஒன்றே கடும் நஞ்சு. 30 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில், பி.எச். 7 ஆயின் மொத்தத்தில் நூற்றுக்கு ஒரு பங்கிற்கும் குறைவே நஞ்சு வடிவம். 8 ஆயின் 7½ பங்கு. 9 ஆயின் ஏறத்தாழ 45 பங்கு. நஞ்சு வடிவம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் இருந்தாலே மீன்களின் செவுள்கள் சேதமடையத் தொடங்கும். மேற்கண்ட தொட்டியில் பி.எச். 8 ஆயிருந்தால் அதுபோல் மூன்று மடங்கு நஞ்சு மூன்றாம் நாளிலேயே சேர்ந்துவிடுகிறது. களர்த்தன்மையுள்ள கிணற்று நீரை உபயோகிப்போர் ஏனையோரைவிட எச்சரிக்கையாயிருக்க வேண்டுவதன் காரணம் இதுவே.

நைட்ரைட்டு மீனின் இரத்தத்தில் கலந்து, அது பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியைக் கெடுக்கிறது. இரத்தம் பழுப்பு நிறமடையும். நீர் நிறையப் பிராணவாயு இருந்தும் மீன் மூச்சுத் திணறுவது இதனாலேயே. 50 லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 5 கிராம் கறியுப்பைக் கரைத்துச் சேர்த்தால், உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட்டு செவுள் வழியே புகுவதைப் பெரிதும் தடுக்கும். இது தற்காலிக உதவியேயன்றி வடிகட்டிக்கு மாற்றன்று.

வடிகட்டியின் மூன்று வேலைகள்

முதலாவது, மேலே விவரித்த உயிர்வழிச் சுத்தி. இரண்டாவது, மிதக்கும் தூசியையும் எச்சத்தையும் பிடித்து நிறுத்தும் அரிப்பு. மூன்றாவது, கரி முதலியவற்றால் நிறத்தையும் வாடையையும் மருந்துகளையும் உறிஞ்சும் இரசாயனச் சுத்தி. இவற்றுள் முதலாவது இன்றியமையாதது, இரண்டாவது பயனுள்ளது, மூன்றாவது சமயத்துக்கு வேண்டியது. நீர் தெளிவாயிருப்பது கண்டு அது நல்ல நீரென்று முடிவு செய்தலாகாது. அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறமில்லை.

இம்மூன்றோடு நீரை அசைத்துப் பிராணவாயுவைச் சேர்ப்பதும் வடிகட்டியினால் விளையும் நன்மையாகும். 20 பாகை வெப்பத்தில் 1 லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளும். 30 பாகையில் 7½ மில்லிகிராமே கொள்ளும். நம் நாட்டுக் கோடையில் இவ்வேறுபாடு பெரிது. மீனுக்கு மட்டுமன்றிப் பாக்டீரியாவுக்கும் பிராணவாயு வேண்டும். அம்மோனியாவாக உள்ள தழைச்சத்து 1 கிராம் நைட்ரேட்டாக மாறுவதற்கு 4½ கிராமுக்கு மேற்பட்ட பிராணவாயு செலவாகிறது.

கொள்ளளவும் நீரோட்டமும்

வடிகட்டி வாங்குமுன் தொட்டியில் எத்தனை லிட்டர் நீர் நிற்கும் என்பதை அறிய வேண்டும். நீளம், அகலம், நீர் நிற்கும் உயரம் ஆகியவற்றை அங்குலத்தில் அளந்து, மூன்றையும் பெருக்கி 61-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 2 அடி நீளம், 1 அடி அகலமுள்ள தொட்டியில் 10½ அங்குல உயரம் நீர் நின்றால், 24-ஐ 12-ஆலும் 10½-ஆலும் பெருக்க 3024. அதனை 61-ஆல் வகுக்க ஏறத்தாழ 50 லிட்டர்.

மோட்டார் வடிகட்டியாயின் தொட்டி நீர் முழுவதையும் மணிக்கு 4 முதல் 6 முறை சுற்றச் செய்வது போதுமானது. 50 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 200 முதல் 300 லிட்டர் என்று கொள்க. பெட்டியின்மேல் அச்சிட்ட அளவு, தடையின்றி நீர் ஓடும்போது கிடைப்பது. கிணற்றுப் பம்புசெட்டில் நீரை ஏற்றும் உயரம் கூடக்கூட விழும் நீர் குறைவதுபோல, இங்கும் உயரத்தாலும் பஞ்சில் அழுக்குச் சேர்வதாலும் ஓட்டம் குறையும். ஆதலால் சற்றுக் கூடுதலான அளவுடையதை வாங்குதல் நலம். ஆனால் மிகுந்த வேகமும் தீங்கே. நீண்ட துடுப்புடைய சண்டைமீனும் கப்பிக் குஞ்சும் வேகமான ஓட்டத்தில் களைத்துப்போகும்.

வடிகட்டி வகைகள்

பஞ்சு வடிகட்டி: கடைகளில் ஸ்பாஞ்சு பில்டர் என்று கேட்டால் கிடைப்பது. நுரைப்பஞ்சுருளையின் நடுவே ஒரு குழாய் இருக்கும். காற்றுப் பம்பிலிருந்து வரும் காற்று அக்குழாயில் குமிழிகளாக மேலேறும்போது நீரையும் உடன் தூக்கிச் செல்லும். ஆழ்துளைக் கிணற்றில் கம்ப்ரசர் மூலம் நீர் எடுப்பதும் இதே தத்துவமே. வெளியேறிய நீருக்கு ஈடாகத் தொட்டி நீர் பஞ்சின் வழியே உட்புகுகிறது. பஞ்சின் எண்ணற்ற கண்ணறைகளில் பாக்டீரியா குடியேறுகிறது. விலை குறைவு, கெடக்கூடிய பாகம் நீருக்குள் ஏதுமில்லை, குஞ்சுகளை உறிஞ்சிக் கொல்லாது, காற்றையும் சேர்க்கும். நுண்ணிய தூசியை முற்றும் பிடிக்காதது இதன் குறை. 50 லிட்டர் வரையுள்ள தொட்டிக்கும், முதன்முதல் மீன் வளர்ப்போருக்கும் இதுவே சிறந்தது.

மணலடி வடிகட்டி: துளையுள்ள தட்டைத் தொட்டியின் அடியில் பரப்பி, அதன்மேல் 2 அல்லது 3 அங்குலம் சிறு கூழாங்கல் இட்டு, நீரைக் கீழ்நோக்கி இழுக்கும் அமைப்பு. கல் முழுவதும் பாக்டீரியாவுக்கு இடமாகும். ஆனால் அழுக்கு தட்டின்கீழ் தேங்கும். கல்லைக் கிளறும் தங்கமீனுக்கு ஏற்றதன்று. நுண்மணல் இட்டால் அடைத்துக்கொள்ளும்.

உள் மோட்டார் வடிகட்டி: நீரில் முழுகும் சிறு மோட்டாரும் பஞ்சுக் கூடும் சேர்ந்தது. அரிப்புத் திறன் மிகுதி. பஞ்சு சிறிதாயின் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். ஆதலால் பெரிய பஞ்சுள்ளதைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

மேல்தட்டு வடிகட்டியும் தொங்கும் வடிகட்டியும்: மோட்டார் நீரை மேலே ஏற்றி, தொட்டியின் தலைப்பில் அமைந்த தட்டிலோ விளிம்பில் தொங்கும் பெட்டியிலோ உள்ள பஞ்சு, கல் முதலியவற்றின் வழியே திரும்ப விழச் செய்யும். நிரப்புபொருளை எளிதில் பார்க்கலாம், எடுக்கலாம். நீர் விழுவதால் காற்றும் சேரும். 60 முதல் 150 லிட்டர் வரையுள்ள தொட்டிகளுக்கும் தங்கமீன்களுக்கும் நல்லவை.

மூடிய புறவடிகட்டி: கேனிஸ்டர் எனப்படுவது. தொட்டிக்கு வெளியே மூடிய பாத்திரத்தில் நிறைய நிரப்புபொருளைக் கொண்டிருக்கும். பெரிய தொட்டிக்கே அவசியம். சிறு வீட்டுத் தொட்டிக்கு இதனை வாங்குவது கால் காணி நிலத்துக்குப் பெரிய டிராக்டர் வாங்குவதை ஒக்கும்.

இங்கு ஒரு தவறான எண்ணத்தையும் நீக்க வேண்டும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீன் வடிகட்டிக்கு ஈடாகாது. அது கண்ணாடியிலுள்ள பாசியை ஓரளவு தின்னுமேயன்றி, மற்ற மீன்களைப்போல் தானும் கழிவை விடும். ஓரடிக்கு மேலும் வளரும்.

நிரப்புபொருள்கள்

பாக்டீரியா மேற்பரப்பில் ஒட்டி வாழ்வதால், குறைந்த இடத்தில் மிகுந்த மேற்பரப்புள்ள பொருளே சிறந்தது. ஓரங்குலக் கனமுள்ள சதுரக் கல்லின் மேற்பரப்பு 6 சதுர அங்குலம். அதனையே 1/8 அங்குலத் துண்டுகளாக்கினால் மொத்த மேற்பரப்பு 48 சதுர அங்குலமாகும். ஆயினும் மிக நுண்ணிய மணல் அடைத்துக்கொண்டு நீரோட்டத்தைத் தடுக்கும். பீங்கான் வளையங்களும் நுரைப்பஞ்சும் ஏற்றவை. நன்கு வெந்த செங்கல்லின் சிறு துண்டுகளும் ஆற்றுக் கூழாங்கல்லும் பலமுறை கழுவியபின் உபயோகிக்கலாம். கல்லின்மேல் காடியை விட்டால் நுரை பொங்குமாயின் அது சுண்ணாம்புக்கல், நீரின் பி.எச். எண்ணை உயர்த்தக்கூடும். சிரட்டையிலிருந்து செய்த ஊக்கிய கரி சில வாரங்களில் உறிஞ்சும் சக்தியை இழக்கும். மீனுக்கு மருந்திடுங்கால் கரியை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் மருந்தையும் அது உறிஞ்சிவிடும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

காற்றுப் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். கீழே வைத்தால் மின்சாரம் நின்றதும் நீர் குழாய்வழியே இறங்கிப் பம்பைக் கெடுக்கும், தரையும் நனையும். மேலே வைக்க இயலாவிடின், நீர் திரும்பி வராதபடி தடுக்கும் சிறு வால்வைக் குழாயில் பொருத்துக. மின்கம்பி சுவரிலுள்ள செருகுமிடத்துக்கு நேராகச் செல்லாமல், சற்றுக் கீழே தொங்கிப் பின் மேலேறுமாறு விட வேண்டும். அப்போது கம்பிவழி வடியும் நீர்த்துளி மின்னிணைப்பை அடையாது. தொட்டிக்குள் கைவிடுமுன் மின்சாரத்தை நிறுத்துதல் கட்டாயம்.

காற்றுப் பம்பு அறையிலுள்ள காற்றையே நீருக்குள் செலுத்துகிறது. கொசு மருந்து தெளித்த அறையில் அது ஓடினால் மருந்தும் நீரில் கலக்கும். பைரித்ராய்டு வகை மருந்துகள் மிகச் சிறிய அளவிலும் மீனைக் கொல்லும். எனவே பூச்சிமருந்து வைக்கும் அறையில் தொட்டியை வைக்கலாகாது. பயிருக்கு மருந்தடித்த கையை நன்றாகக் கழுவாமல் தொட்டியைத் தொடுவதும், மருந்தடிக்க உபயோகித்த வாளியில் தொட்டிக்கு நீர் எடுப்பதும் கூடா.

வடிகட்டியைப் பதப்படுத்துதல்

புதிய வடிகட்டி உழாத நிலத்தைப் போன்றது. அதில் வேண்டிய பாக்டீரியா பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். பாலைக் கெடுக்கும் கிருமிகள் சில மணி நேரத்தில் பெருகிவிடும். இவையோ ஒருமுறை இரட்டிப்பதற்கே ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். முதலில் அம்மோனியா உயர்ந்து தாழும். அதன்பின் நைட்ரைட்டு உயர்ந்து தாழும். இறுதியில் நைட்ரேட்டு தோன்றும். முன்னர்க் கூறிய ஷ்லோசிங், முன்ட்ஸ் குழாயில் 20 நாட்கள் கழிந்த காரணமும் இதுவே.

சிறந்த வழி, பாலுக்கு உறையிடுவதுபோல் வடிகட்டிக்கும் உறையிடுதல். நோயின்றி நெடுநாள் நடந்துவரும் ஒரு தொட்டியின் வடிகட்டியிலிருந்து சிறிது பஞ்சையோ கல்லையோ பெற்று, ஈரம் உலராமல் கொண்டுவந்து புதிய வடிகட்டியில் வைத்தால் காத்திருக்கும் காலம் பெரிதும் குறையும். புதிய பஞ்சு வடிகட்டியை அத்தகைய பழந்தொட்டியிலேயே நான்கு வாரங்கள் ஓடவிட்டுப் பின் எடுத்துவருவது இன்னும் நல்லது.

அவ்வாறு கிடைக்காதவர், தொட்டியில் நீர் நிரப்பி வடிகட்டியை இரவும் பகலும் ஓடவிட்டு, மீன் விடாமல் நாள்தோறும் சிறு சிட்டிகை இரையை மட்டும் இட்டு வர வேண்டும். இரை அழுகி அம்மோனியாவைத் தந்து பாக்டீரியாவை வளர்க்கும். கடைகளில் கிடைக்கும் சோதனைத் திரவங்களால் வாரம் இருமுறை நீரைச் சோதித்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் உயர்ந்து பின் இல்லையென்று காட்டியதும், நீரில் மூன்றிலொரு பங்கை மாற்றி, மூன்று நான்கு சிறு மீன்களை விடலாம். இரு வாரங்கள் கழித்து மேலும் சிலவற்றைச் சேர்க்கலாம். 50 லிட்டர் தொட்டிக்கு எட்டு அல்லது பத்துக் கப்பி மீன்கள் போதும். மிகுந்த கழிவை விடும் தங்கமீனுக்கு இத்தொட்டி சிறிது.

காலத்தைக் குறைக்கும் எண்ணத்துடன் யூரியாவையோ பசுஞ்சாணத்தையோ இடுதல் கூடாது. யூரியா சிதைந்து அளவுக்கு மிஞ்சிய அம்மோனியாவைத் தரும். சாணம் நீரிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடும். வயல் மண்ணில் பூச்சிமருந்தின் எச்சம் இருக்கக்கூடுமாதலால் அதனையும் தொட்டியில் கரைக்கலாகாது.

தொட்டிக்கு ஏற்ற நீர்

கிராமக் குடிநீர்த் தொட்டிகளில் கிருமிகளைக் கொல்வதற்காகப் பிளீச்சிங் பவுடர் சேர்க்கப்படுகிறது. மக்களுக்கு நன்மை செய்யும் அந்தக் குளோரின் மீனின் செவுளைச் சுடும்; வடிகட்டியிலுள்ள பாக்டீரியாவையும் அழிக்கும். குழாய் நீரை வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்தால், அல்லது அதில் சில மணி நேரம் காற்றைச் செலுத்தினால், இக்குளோரின் நீங்கிவிடும். அவசரத்துக்குக் கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கியை அதன் சீட்டிற் குறித்த அளவில் சேர்க்கலாம்.

மழைநீரை மாத்திரம் உபயோகிப்பதும் சரியன்று. பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும்போது நீரிலுள்ள காரச் சத்தைச் செலவிடுகிறது. அச்சத்து மிகக் குறைந்த மழைநீரில் பி.எச். எண் விரைவில் தாழ்ந்து, பாக்டீரியாவின் வேலை தளரும். கிணற்று நீரையும் மழைநீரையும் கலந்து உபயோகித்தால் இரண்டின் குறையும் தணியும்.

கழுவும் முறை

நன்கு நடந்துவந்த தொட்டிகள் அழிவது பெரும்பாலும் கழுவும் நாளிலேயே. குழாயடியில் பஞ்சை வெளுக்கக் கழுவுவோர், பல வாரங்கள் வளர்த்த பயிரை ஒரு நாளில் அழித்தவராவர். கழுவவேண்டிய முறை பின்வருமாறு: வாரந்தோறும் நீரில் கால்பங்கை மாற்றும்போது, எடுத்த தொட்டி நீரையே வாளியில் ஊற்றி, அதில் பஞ்சை நான்கைந்து முறை பிழிந்து எடுத்தால் போதும். பழுப்பு நிறம் நீங்க வேண்டியதில்லை. சோப்பும் வெந்நீரும் பிளீச்சிங் பவுடரும் வெயிலில் உலர்த்துதலும் அறவே விலக்கத்தக்கவை.

பஞ்சை வாரந்தோறும் பிழிய வேண்டும் என்பதில்லை. நீரோட்டமோ குமிழியின் வேகமோ குறையும்போது பிழிந்தால் போதும். இரு பஞ்சுகள் இருப்பின் ஒருமுறை ஒன்றையும், இரு வாரம் கழித்து மற்றொன்றையும் பிழிக. வடிகட்டியைக் கழுவிய அன்றே தொட்டிக் கற்களையும் கழுவலாகாது. நைந்த பஞ்சை மாற்ற நேர்ந்தால், புதியதைப் பழையதோடு ஒரு மாதம் சேர்த்து ஓடவிட்ட பின்னரே பழையதை எடுக்க வேண்டும்.

மின்சாரம் நின்றால்

இரவில் சத்தம் கேட்கிறதென்றோ, செலவைக் குறைக்கவென்றோ வடிகட்டியை நிறுத்துதல் பெருந்தவறு. ஓட்டம் நின்றால் பஞ்சின் உட்புறத்தில் பிராணவாயு தீர்ந்து பாக்டீரியா மடியத் தொடங்கும். மூடிய புறவடிகட்டியில் இக்கேடு விரைவில் நேரும். தொட்டி நீரிலேயே இருக்கும் பஞ்சு வடிகட்டி அதிக நேரம் தாங்கும். மின்தடை மிகுந்த ஊர்களுக்குப் பஞ்சு வடிகட்டியே ஏற்றதென்று கூறுவதற்கு இதுவும் ஒரு காரணம். பேட்டரியால் ஓடும் சிறு காற்றுப் பம்பு ஒன்றை வைத்துக்கொள்வது நலம். அது இல்லாதபோது, தொட்டி நீரைக் குவளையால் மொண்டு ஓரடி உயரத்திலிருந்து அவ்வப்போது ஊற்றினால் ஓரளவு காற்றுச் சேரும். மின்சாரம் வரும்வரை இரை இடலாகாது. பல மணி நேரம் நின்றிருந்த மூடிய வடிகட்டியை அப்படியே ஓடவிட்டால் அதிலுள்ள அழுகிய நீர் தொட்டியில் பாயும். ஆதலால் அந்நீரைக் கொட்டி, நிரப்புபொருளைத் தொட்டி நீரில் அலசியபின் ஓட்டுக.

கழிவு நீரும் வேண்டாத மீனும்

தொட்டியிலிருந்து எடுத்த நீரும் பஞ்சைப் பிழிந்த கசடும் பயிருக்கு உணவாகும். உப்போ மருந்தோ சேர்க்காத நீராயின் கீரைப்பாத்திக்கும் பூச்செடிக்கும் விடலாம். ஆனால் மீன்களையும் நீர்ச்செடிகளையும் ஏரி, கண்மாய், வாய்க்கால் முதலியவற்றில் விடுதல் கண்டிப்பாகக் கூடாது. தென்னமெரிக்காவைச் சேர்ந்த சக்கர் மீன் இவ்வாறு வெளியேறித் தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் பரவியிருப்பது காணப்பட்டுள்ளது. அது கரைகளில் வளை தோண்டும் இயல்புடையது. கடினமான செதிலுடைமையால் வலைகளைக் கிழிக்கும். நாட்டு மீன்களின் உணவையும் இடத்தையும் கவரும். ஏரிக்கரையைக் காக்கும் பொறுப்புள்ள கிராம உத்தியோகஸ்தர்கள் இதனை ஊராருக்கு எடுத்துக் கூறுதல் வேண்டும். வளர்க்க இயலாத மீனை விற்ற கடைக்கோ வளர்க்கும் மற்றொருவருக்கோ கொடுத்துவிடுவதே முறை.

ஞாபகத்தில் வைக்க வேண்டியவை

1. தொட்டியையும் வடிகட்டியையும் முதலில் வாங்குக. வடிகட்டி பதமானபின் மீனை வாங்குக.

2. 50 லிட்டர் வரையுள்ள தொட்டிக்குப் பஞ்சு வடிகட்டி போதும். அதைவிடப் பெரிய தொட்டிக்கும் தங்கமீனுக்கும் மேல்தட்டு வடிகட்டி அல்லது தொங்கும் வடிகட்டி கொள்க.

3. வடிகட்டி இரவும் பகலும் ஓட வேண்டும்.

4. இரண்டு நிமிஷத்தில் மீன் தின்று தீர்க்கும் அளவே இரை இடுக.

5. வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றுக; குளோரின் நீங்கிய நீரையே ஊற்றுக.

6. பஞ்சைத் தொட்டி நீரிலேயே பிழிக. குழாய் நீரிலும் சோப்பிலும் கழுவாதீர்.

7. மீன் மேலே வந்து மூச்சுத் திணறினால், உடனே இரையை நிறுத்தி, மூன்றிலொரு பங்கு நீரை மாற்றிக் காற்றை மிகுதிப்படுத்துக. வடிகட்டியைக் கழுவ வேண்டாம்.

நல்ல விவசாயி விதைக்குமுன் நிலத்தைப் பண்படுத்துகிறான். விளைந்தபின்னும் மேல்மண்ணை வாரிக் கொட்டுவதில்லை. மீன்தொட்டியின் வடிகட்டிக்கும் அதே பொறுமையும் அதே பாதுகாப்பும் அளித்தால், அது பல ஆண்டுகள் குறைவின்றித் தன் வேலையைச் செய்துவரும்.